வாசல் திருப்பத்தில் ஒரு சத்தம்

காரை மெக்கானிக் மூஸின் பட்டறைக்கு ஓட்டிப் போவதற்கு முன் வெர்னா ஒரு திருட்டு வேலை செய்தாள். முன் சக்கரங்களின் உள்பக்கம் தெறித்திருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சுத்தமாக்கினாள். வெள்ளிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து கைக்குழந்தையோடு வரப்போகும் மகள், "முதல்ல வண்டியைக் காட்டும்மா" என்று போனில் நச்சரித்திருந்தாள். சரி, காட்டலாம். ஆனால் அந்தச் சத்தத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

டிக்... டிக்... டிக். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வாசலுக்குள் திரும்பும்போது வரும் சத்தம். கணவர் லெஸ் இருந்தவரை, சாயங்காலம் அது கேட்டதும் நாய் டாஃபி வாலை ஆட்டிக்கொண்டு எழும். வெர்னா கெட்டிலை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிக்கவும் அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும் சரியாக இருக்கும். அவர் போய் எட்டு மாதம். இப்போது வெர்னாவே ஓட்டுகிறாள். சத்தம் கேட்டால் நாய் இன்றும் எழுந்து நிற்கிறது.

ஆட்களைப் பட்டப்பெயராலேயே அச்சிடும் நார்ஃபோக் தீவின் டெலிபோன் புத்தகத்தில்கூட மூஸுக்குப் பெயர் மூஸ்தான். லெஸின் கிரிக்கெட் கூட்டாளி. டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்தவர் அங்கிருந்தே கேட்டார்.

"வெர்னா, சக்கரத்தை எதுக்குக் குளிப்பாட்டினே?"

"அழுக்கா இருந்துச்சு."

"நாலு வருஷமா வண்டியைக் கழுவாத மகராசி, உள்பக்கத்தை மட்டும் கழுவியிருக்கே! இங்க வந்து பாரு."

ஆக்ஸில் முனையை மூடியிருந்த ரப்பர் உறையை, ஆர்மோனியத் துருத்தி போன்ற அதன் மடிப்புகளை, பெருவிரலால் விரித்தார். நீளமாக வாய் பிளந்திருந்தது.

"மடிப்புக்குள்ள வெடிப்பு விட்டப்பவே மாத்தியிருக்கணும். கிழிஞ்சு கிரீஸ் தெறிக்க ஆரம்பிச்சப்பகூட உறையை மாத்தினாப் போதும். இப்ப மண்ணு பூந்து உள்ள இருக்கிற குண்டெல்லாம் தேஞ்சாச்சு. சத்தம் வந்துட்டா ஆக்ஸிலையே மாத்தணும்."

"இருக்கட்டும் மூஸ். நான் மெதுவாத்தானே ஓட்டறேன்."

"ஏத்தத்துல அது உடைஞ்சா வண்டி பின்னால உருளும். பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு வீம்பு பண்ணாதே."

வெர்னா வாசலைப் பார்த்தபடி சொன்னாள். "அந்தச் சத்தமும் போயிட்டா, சாயங்காலம் வீட்டுக்கு யாரு வர்றதா நினைச்சுக்கறது?"

மூஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பரணிலிருந்து நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார். மேலே லெஸின் பெயர்.

"இந்த வண்டிக்குன்னு அவன் வரவழைச்ச ஆக்ஸில். அலை அதிகம்னு கப்பல் ரெண்டு தடவை சரக்கை இறக்காமலே போயிடுச்சு. மூணாவது தடவை இறக்கினப்ப அவன் இல்லை. உன்கிட்ட கொடுக்க எனக்கு மனசு வரலை."

"என்கிட்ட அவர் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"என்கிட்ட சொன்னான். 'எனக்கப்புறம் அவதான் ஓட்டுவா. சத்தத்தைக் கேப்பா, ஆனா குனிஞ்சு பாக்க மாட்டா'ன்னு."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்தபோது விரலில் மண்ணெண்ணெய் வாசம்.

"மாத்திடு" என்றாள்.

சாயங்காலம் கார் சத்தமில்லாமல் வாசலுக்குள் திரும்பியது. டாஃபி தலையைக்கூடத் தூக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வெர்னா வெகுநேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் உள்ளே போய், கெட்டிலைத் தொடாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

டிக்... டிக்... டிக்.

டாஃபி துள்ளி எழுந்தது. வெர்னா வாசலுக்கு ஓடினாள். மூஸின் பழைய டிரக்! ஜன்னல் வழியே அவள் படிக்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியை நீட்டினார்.

"பட்டறையில மறந்துட்டே."

"ஏன் மூஸ், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றியே, உன் வண்டி என்ன இந்த லட்சணத்துல இருக்கு?"

மூஸ் தலையைச் சொறிந்தார். "உறை கிழிஞ்சு ஒரு வருஷமாச்சு. அடுத்த கப்பல்ல சாமான் வந்துடும்."

"கடல் எப்படி இருக்கு?"

"மோசம். ரெண்டு வாரத்துக்கு இறக்க முடியாதாம்."

"நல்லதாப் போச்சு. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா" என்று சொல்லிவிட்டு, வெர்னா கெட்டிலை வைக்கப் போனாள்.