மாமனார் குப்பை போடுகிறார்

1.
இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. என் மனைவி வீட்டுக்கு வந்து கத்தியதில் கிடைத்தது. அவள் நகராட்சியில் சுகாதார ஆய்வாளர். தெருவில் குப்பை போடுகிறவர்களைப் பிடிப்பது வேலை. அன்றைக்குப் பிடிபட்டவர் அவளைப் பெற்றவர். அதுவும் இரண்டாம் முறையாக.

2.
அந்தி சாயும் வேளையில், காற்றில் மிதந்த ஒரு காகிதம்...

(சே! குப்பைக்கு எதற்கு அந்தி? அடித்துவிட்டேன்.)

பேருந்து நிலையத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, மாமனார் பிஸ்கட் உறையைத் தரையில் போட்டார். மகள் பார்க்கும்வரை காத்திருந்து போட்டார்.

"அப்பா! தொட்டி கண்ணுக்குத் தெரியல?"

"நல்லாத் தெரியுதும்மா. நீ சீட்டு எழுது."

3.
விதியைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு முறை மாட்டினால் சமுதாயக் கூடத்தில் விழிப்புணர்வு வகுப்பு. மூன்றாம் முறை வகுப்பு கிடையாது, வழக்குதான்.

(இங்கே அவரைத் திமிர் பிடித்த கிழவராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே! ஆனால் இரண்டாம் வகுப்பு முடிந்து வந்த மனுஷன் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. வில்லனுக்கு அது பொருந்தவில்லை.)

"அங்க அப்படி என்னதான் இருக்கு மாமா?"

"வட்டமா உக்கார வெச்சு, 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னு கேக்கறாங்க மாப்ளே. சொல்லி முடிக்கிற வரைக்கும் கேக்கறாங்க. டீ வேற."

மனைவிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன், வீட்ல நாங்க டீ குடுக்கலையா?"

"குடுக்கறீங்கம்மா. மேசை மேல வெச்சிட்டுப் போயிடறீங்க."

பிறகு அவரே கேட்டார்: "கேஸ் போட்டா, ஜட்ஜும் உக்கார வெச்சு கேப்பாரா?"

(அடிக்குறிப்பு: சிரிக்க வைக்கத்தான் இந்த வசனத்தை வைத்தேன். எழுதும்போது எனக்கே சுருக்கென்றது.)

4.
முடிவு ஒன்று: மகள் வழக்குப் போடுகிறாள். கடமை வெல்கிறது; வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டு: முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "ஊருக்கு ஒரு சட்டம், உங்கப்பாவுக்கு ஒண்ணா?" என்று நாளைக்கு ஊரே கேட்கும்; வேலையும் போகலாம். மூன்று: மாமனார் திருந்தி, தானே வகுப்பெடுக்கிறார்... (நகராட்சிச் சுவரொட்டி மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

5.
எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். தெருமுனையில் மாமனார், கையில் கசக்கிய காகிதம். எதிர்ப்பக்கத்திலிருந்து மனைவி ரோந்து வருகிறாள். அவள் நெருங்குகிறாளா என்று பார்த்து, அவர் விரல்களைத் தளர்த்துகிறார்.

வாசகரே, சீக்கிரம் ஓடுங்கள். அவரிடம் ஏதாவது பேச்சுக் கொடுங்கள், எதைப் பற்றியானாலும் சரி.

நானே போகலாம்தான். அப்புறம் இதை யார் எழுதுவது?