மலை என்று பதிவான பூனை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. பிழைத்திருத்தப் படிவம். மொத்தம் ஆறு கட்டங்கள். ஐந்து ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. ஆறாவது, 'பிழைக்கான காரணம்', அலுவலகம் நிரப்ப வேண்டியது. இரண்டு வரிக்கு இடம். மூன்று நாளாக என்னால் முடியவில்லை. வெள்ளைத்தாளில் எழுதிப் பார்த்து, சரியாக வருவதைக் கட்டத்தில் போடலாம் என்று உட்கார்ந்தேன். தாள் நீண்டுவிட்டது.

நான் வணிகச்சின்னப் பதிவு அலுவலகத்தில், செயல்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சின்னத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும் பரிசீலகர்கள் மாடியில். நாங்கள் கீழே. உறையைக் கிழிப்போம், தேதி முத்திரை குத்துவோம், எண் போடுவோம். படமாக வரும் சின்னத்துக்கு இன்னொரு வேலை உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லால் எழுதிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மாடியில் அந்தச் சொல்லை வைத்துத்தான் தேடுவார்கள். குடை என்று எழுதினால் குடை. காளான் என்று எழுதிவிட்டால், யாராவது வந்து கேட்கும்வரை காளான்.

2

முதல் தொடக்கம்: 'ஆறு வருடங்களுக்கு முன், ஒரு மழைநாளில்' (மழை பெய்யவில்லை. விட்டுவிட்டேன்.)

இரண்டாவது: 'அவள் கண்களை முதலில்' (மூன்றாம் கவுன்ட்டர் கண்ணாடியில் பாதி உயரத்துக்குப் பழைய அறிவிப்புகள் ஒட்டியிருக்கும். உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே நிற்பவரின் கண் தெரியாது. கைதான் தெரியும்.)

மூன்றாவது, நடந்தது.

அன்றைக்கு அது நாற்பத்து மூன்றாவது படம். தலையணைக்கான சின்னம். ஒரே கோட்டில் ஒரு வளைவு, ஓரத்தில் ஒரு நெளிவு. சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது. 'மலை, அருகே வளைந்த பாதை' என்று ஏற்றினேன்.

பத்து நாள் கழித்து ஒரு கை ஒப்புகைச் சீட்டைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளியது.

"சார், இதுல மலைன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"அது பூனை. தூங்குது."

"தலை எங்க?"

"வயித்துக்குள்ள வச்சிருக்கு. நீங்க பூனை தூங்கிப் பாத்ததே இல்லையா?"

"அப்ப பாதை?"

"வால், சார்."

வரிசையில் பின்னால் நின்றவர் சிரித்தார். நான் படிவத்தைக் கொடுத்தேன். அங்கேயே நின்று ஐந்து கட்டங்களை நிரப்பினாள். வரவு எண் போட்டு வாங்கிக்கொண்டேன்.

3

(இனிமேல் இந்தக் கதையின் நாயகனை நான் நம்பவில்லை. நீங்களும் பார்த்து நம்புங்கள்.)

திருத்தம் ஐந்து நிமிட வேலை. அவன் படிவத்தை மேஜை டிராயரில் வைத்தான். முந்தைய வரைவில் 'வேலைப்பளு' என்று எழுதியிருந்தேன். அன்று மதியம் அவன் ரப்பர் முத்திரைகளை உயர வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வந்தாள். "மலை அப்படியே இருக்கு சார்."

"ஆயிட்டிருக்கு மேடம்."

மூன்றாவது முறை ஒரு தலையணையோடு வந்தாள். "தலை வச்சுப் படுத்துப் பாருங்க. மலையா பூனையான்னு அப்பவாவது தெரியட்டும்."

நான்காவது முறை வெளியே தேநீர்க் கடையில் நின்றோம்.

"உண்மையச் சொல்லுங்க. அந்த ஃபார்ம் எங்க இருக்கு?"

"டிராயர்ல."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சரியான கல்லுளிமங்கன் நீங்க." பிறகு, "விடுங்க. மலையாவே இருக்கட்டும்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பிறகு நான் எதைத் தப்பாகச் சொன்னாலும் 'மலை' என்பாள். பேருந்து எண், உப்பு, அவள் மாமா மகனின் வயசு, எதுவானாலும். அத்தோடு சண்டை முடிந்துவிடும்.

அவள் இறந்து ஏழு மாதம். (எப்படி என்று இரண்டு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் மருத்துவமனைதான் இருந்தது, அவள் இல்லை.)

4

திங்கட்கிழமை மாடியிலிருந்து ஒரு கோப்பு இறங்கியது. வேறொரு நிறுவனம். தலையணை, மெத்தை. தூங்கும் பூனை, அதற்கும் தலை வயிற்றுக்குள். பரிசீலகர் 'ஒத்த சின்னம் இல்லை' என்று எழுதியிருந்தார். அவர்மேல் தவறில்லை. பூனை என்று தேடியிருப்பார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அதை அலுவலகம் வெளியிடும் வணிகச்சின்ன இதழில் ஏற்ற வேண்டியது என் பொறுப்பு.

என் மைத்துனிதான் இப்போது அந்தத் தலையணைகளைத் தைத்து விற்கிறாள். அவளிடம் சொன்னேன். கவுன்ட்டருக்கே வந்துவிட்டாள்.

"அக்காவோட பூனைதான் பதிஞ்சிருக்கே அத்தான். இன்னொரு பூனைக்கு எப்படி ஓகே சொன்னாங்க?"

"அக்காது மலைன்னு இருக்கு."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அக்கா கேக்கலையா?"

"கேட்டா."

"நானும் இன்னும் ரெண்டு பேரும் அந்தப் பூனைய நம்பித்தான் தைக்கிறோம். இதழ்ல வந்துட்டா?"

"ஆட்சேபிக்கலாம். வக்கீல் வைக்கணும். வருஷக்கணக்காகும். அதுக்கு முன்னாடி மலையப் பூனையா மாத்தினா, கோப்பு திரும்ப மாடிக்குப் போயிடும்."

"அப்ப மாத்துங்க அத்தான். உங்களுக்கு என்ன தயக்கம்?"

பிரிவுத் தலைவியைக் கேட்டேன். எங்களுக்கு அவர் 'ரெண்டு நகல்' மேடம்.

"கவனக்குறைவுன்னு போட்டுடட்டுமா மேடம்?"

"கவனக்குறைவு முதல் நாளைக்குச் சரி. அவங்க மனு கொடுத்திருக்காங்க, வரவு எண் இருக்கு. அப்புறம் ஆறு வருஷம் என்ன பண்ணீங்க? அதை எழுதுங்க. ரெண்டு நகல்."

5

முடிவு அ: 'வேலைப்பளு' என்று எழுதுகிறேன். (ரப்பர் முத்திரைகள் சாட்சி.)

முடிவு ஆ: எதுவும் எழுதாமல் இருக்கிறேன். ஐந்து மணி தாண்டிவிடுகிறது. மலை நிற்கிறது. மூன்று நாளாக நான் விரும்பியது இதைத்தான். பதிவேட்டில் பிழை இருக்கும்வரை புகார் முடியவில்லை. புகார் முடியாதவர் மூன்றாம் கவுன்ட்டருக்கு இன்னொரு முறை வந்தாக வேண்டும். (இது எனக்கே இந்தத் தாளில் எழுதிய பிறகுதான் தெரிந்தது.)

முடிவு இ: வெள்ளி, நாலு பத்து. வெளியே மைத்துனி பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கிறாள். டிராயரிலிருந்து அதே படிவத்தை எடுத்தேன். ஐந்து கட்டங்களில் என் மனைவியின் கையெழுத்து. ஆறாவதில் எழுதினேன்: 'விண்ணப்பதாரர் மறுபடி வர வேண்டும் என்பதற்காக.' ஒரு வரியில் முடிந்துவிட்டது. இரண்டு நகல் எடுத்தேன். நகலில் அவள் எழுத்து கொஞ்சம் மங்கலாக விழுந்தது.

மேடம் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். நகலையும் படித்தார், அதில் வேறு ஏதாவது இருக்குமென்பதுபோல.

"இது ஆபீஸ் ரெக்கார்டு."

"தெரியும் மேடம்."

"அழியாது. எப்பவும் இருக்கும்."

"ஆமா மேடம்."

பேனாவை எடுத்தார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் அப்படியே கையெழுத்திடலாம். என் வரியை அடித்துவிட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதியும் கையெழுத்திடலாம். எப்படியானாலும் ஐந்து மணிக்கு மலை பூனையாகிவிடும். மைத்துனி வீட்டுக்குப் போவாள். பதிவேட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு...

எந்த வரி நிற்கட்டும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கட்டத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.