விறகா கரண்டா

சித்தியின் சௌனாவில் எனக்கு வாய்த்த வேலையைப் போல இன்னொரு வேலை எனக்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்டிருக்க முடியாது. சௌனா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பலகை அடித்த ஒரு சின்ன அறை, உள்ளே மேலும் கீழுமாக இரண்டு நீளப் பலகைகள், மூலையில் கற்கள் குவித்த ஓர் அடுப்பு. பஸ் டிப்போ பக்கத்திலும் ஆஸ்பத்திரி பக்கத்திலும் இருந்து பெண்கள் வருவார்கள். துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து வேர்த்துக் கொட்டுவார்கள். பிறகு குளித்துவிட்டு, யாரோ தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி வீட்டுக்கு நடப்பார்கள். அடுப்பின் வாய் மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம், விறகு அறையில் இருந்தது. விறகு அறையில் நான் இருந்தேன்.

அதாவது, வருகிறவர்கள் யாரையும் நான் பார்க்க வேண்டியதில்லை. அவர்களும் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. சூடு போதவில்லை என்றால் உள்ளே இருந்து சுவரில் ஒரு தட்டு தட்டுவார்கள். போதும் என்றால் இரண்டு தட்டு. நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. எனக்குப் பதிலாக விறகு பேசும்.

பள்ளிக்கூடத்தில் அப்படி எனக்குப் பதிலாகப் பேச யாரும் கிடைக்கவில்லை. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துப் புத்தகத்தின் ஓரம் ஊறிப்போகும். பத்தாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதில் என்னைவிடப் புத்தகங்களுக்குத்தான் நிம்மதி. உடம்பில் இருக்கிற விஷமெல்லாம் வேர்வையோடு போய்விடும் என்று சௌனாவுக்கு வருபவர்களில் சிலர் சொல்லிக்கொள்வார்கள். அது மட்டும் உண்மை என்றால் இந்த ஊரிலேயே சுத்தமான ஆள் நான்தான்.

நான்கு வருடம் இப்படி ராணி மாதிரி இருந்தேன். அதன் பிறகு அடுப்பின் இரும்பில் விரிசல் விட்டது.

முதலில் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. களிமண் குழைத்துப் பூசினேன். உடைந்த பல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. இரண்டே நாளில் மண் உதிர்ந்து, விரிசல் வழியாக அறைக்குள் புகை போனது. சுவருக்கு அந்தப் பக்கம் கண்டக்டரம்மா இருமுவது கேட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில் நின்றபடியே டிக்கெட் கிழித்தவர் அவர். முட்டி இரண்டும் துருப்பிடித்த கீல் மாதிரி ஆகி, இப்போது சூடு தேடி வருகிறார்.

அவர் இருமலைக் கேட்டுச் சித்தி விறகு அறைக்கு வந்தாள். அடுப்பைச் சுற்றிப் பார்த்தாள். என் களிமண்ணை விரலால் சுரண்டினாள்.

"இது என்னடி, பொங்கச் சட்டிக்குப் பூசின மாதிரி?"

"விரிசல் சித்தி. சின்ன விரிசல்தான்."

"சின்ன விரிசலா? என் கை உள்ள போகுது. புதுசு வாங்கிட வேண்டியதுதான். விறகா கரண்டான்னு முடிவு பண்ணணும். கரண்டு ஹீட்டர் வந்துட்டா நீ இந்தப் பொந்துக்குள்ள வேக வேண்டாம். கவுன்ட்டர்ல உக்காந்துக்கலாம். ஃபேன் இருக்கு. ஃபோன் இருக்கு. வர்றவங்ககிட்ட நாலு வார்த்தை பேசலாம்."

எனக்கு ஒரு ராஜ்யத்தைத் தூக்கிக் கொடுப்பதாகச் சித்தி நினைத்தாள். கவுன்ட்டர் என்பது மூன்று பக்கமும் மனிதர்கள் வந்து நிற்கக்கூடிய இடம். நான்காவது பக்கம் சித்தி.

"விறகே இருக்கட்டுமே சித்தி" என்றேன்.

"நீ சொன்னா ஆச்சா? உக்காரப் போறது அவங்க. ஞாயித்துக்கிழமை எப்பவும் வர்றவங்க எல்லாம் இருப்பாங்க. ரெண்டைப் பத்தியும் விசாரிச்சு நீயே அவங்ககிட்ட சொல்லு. அவங்க சொல்றதை வாங்கிடலாம்."

"எழுதிக் குடுக்கறேனே."

"உள்ள காகிதம் நமுத்துப் போயிடும். கண்ணாடி இல்லாம யாரு படிக்கறது? வாயால சொல்லு. சாப்பிட மட்டும்தான் வாயா?"

விசாரிப்பது கஷ்டமில்லை, ஆளைப் பார்க்காமல் விசாரிக்க முடிந்தால். ஹீட்டர் கடைக்கு ஃபோனில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். கடைக்காரர் பதில் எழுதுவார் என்று பார்த்தால், மறுநாள் நேரில் வந்து நின்றுவிட்டார்.

"மெசேஜ் அனுப்பின ஐயாவைப் பார்க்கணும்" என்றார் சித்தியிடம்.

சித்தி அவரை விறகு அறைக்குக் கூட்டி வந்து, அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த என்னைக் காட்டினாள்.

"நீங்களா?" என்றார். "'மதிப்பிற்குரிய ஐயா, கீழ்க்காணும் ஐயங்களை'ன்னு ஆரம்பிச்சிருந்தீங்க. ரிட்டயர் ஆன இன்ஜினியர்னு நெனச்சு நான் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு வந்தேன்."

அவர் கரண்டு ஹீட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார், அதைப் பிடித்துக்கொண்டு அவரையும் அவர் ஹீட்டரையும் சேர்த்துத் திட்டலாம் என்று நான் தயாராக இருந்தேன். மனிதர் அந்த வாய்ப்பைத் தரவே இல்லை.

"ரெண்டும் நான்தான் விக்கறேன், எனக்கு எதுவா இருந்தா என்ன? உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான். எதுல சூடாச்சுன்னு கல்லுக்கும் தெரியாது, முதுகுக்கும் தெரியாது. விறகுன்னா ஒரு மணம் இருக்கும், நெருப்பு சத்தம் இருக்கும், மனசுக்கு சுகம். ஆனா பக்கத்துலயே ஆள் வேணும், காஞ்ச விறகு வேணும், புகைபோக்கியை வருஷா வருஷம் இறக்கி சுத்தம் பண்ணணும். கரண்டுன்னா குமிழைத் திருப்பிட்டுப் போயிடலாம். சூடு ஒரே அளவா நிக்கும். என்ன, பெரிய லைனா இழுக்கணும், பில்லைப் பார்த்தா தனியா வேர்க்கும்."

இந்த நியாயமான பேச்சை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சனிக்கிழமை முழுவதும் விறகு அடுக்கின் முன்னால் நின்று ஒரு சொற்பொழிவைத் தயாரித்தேன். தசை இளகுவது, இரத்தம் நன்றாக ஓடுவது, மூட்டு வலி தணிவது, ராத்திரி தூக்கம் வருவது எல்லாவற்றையும் விறகின் பெயரில் எழுதி வைத்தேன். கரண்டுக்கு பில்லை மட்டும் விட்டுக்கொடுத்தேன். விறகுகள் அமைதியாகக் கேட்டன. அவ்வளவு நல்ல சபை எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தி அடுப்பைப் பார்த்துக்கொள்ள, நான் துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் தடவையாக ஆட்களோடு உள்ளே போனேன். தண்ணீர் குடிக்கவில்லை. குடித்தால் பாதியில் எழுந்து போக வேண்டி வரும், போனால் திரும்பி வர மாட்டேன் என்று எனக்கே தெரியும். மேல்பலகையின் கோடி மூலையில் போய் உட்கார்ந்தேன். சூடு மேலேதான் போகும் என்பது அந்த அடுப்பையே எரிக்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மனிதர்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

கண்டக்டரம்மாவும், தையல் கடை அக்காவும், ஆஸ்பத்திரி நர்ஸும் கீழே இருந்தார்கள்.

"இந்த ஒட்டடைக் குச்சிதானா இவ்ளோ நாளா நம்மளை வேக வெச்சது?" என்றார் தையல் அக்கா. "நல்லா இருக்கியாம்மா? ஒரு தட்டுக்கு ஒரு கட்டையா போடுவே?"

"ஒண்ணரை" என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. நெற்றி, கழுத்து, உள்ளங்கை எல்லாம் ஒழுகியது. அவமானத்தோடு நிமிர்ந்து பார்த்தால், அங்கே எல்லோருக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. நர்ஸின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அந்த அறையில் நான் ரொம்பச் சாதாரணமான ஆள். அந்தத் தைரியத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

ஆரம்பித்ததுதான் தெரியும். நான்கு வருடப் பேச்சு வரிசையில் நின்றிருக்கும் போலிருக்கிறது. இரத்தக் குழாய் விரிவதைச் சொன்னேன், அதனால் எழுந்திருக்கும்போது மெதுவாக எழுந்திருக்க வேண்டும் என்றேன். குளிர் நாடுகளில் காலங்காலமாக விறகில்தான் இப்படி உட்காருகிறார்கள் என்றேன். விறகுச் சூட்டில் வருகிற தூக்கம் தனி ரகம் என்றேன்.

"கரண்டு சூட்டுல தூங்கினா முழிச்சிக்குமா?" என்றார் நர்ஸ்.

நான் வேகமாக மூட்டு வலிக்குப் போனேன். இதற்குள் அறை அதிகமாகவே சூடாகிவிட்டது. தையல் அக்கா எட்டிச் சுவரில் இரண்டு தட்டு தட்டினார். நான் பேச்சை நிறுத்தவில்லை.

கண்டக்டரம்மாதான் கையைக் காட்டி நிறுத்தினார், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துவது போல. ஒரு இருமல் இருமிவிட்டுக் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. புது விறகு அடுப்பு போட்டா இந்த இருமல் நின்னுடுமா? வாரத்துல இந்த ஒரு நாள்தான் என் முட்டி மடங்குது. ஆனா இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாள் நெஞ்சு அடைக்குது. சரிப்படாதுன்னா நான் வர்றதை விட்டுடறேன், எனக்காக நீங்க எதுவும் மாத்த வேண்டாம். சரிப்படுமா, சரிப்படாதா?"

நின்றுவிடும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. புது அடுப்பில் விரிசல் இருக்காது, அது உண்மைதானே. ஆனால் விரிசல் விடுவதற்கு முன்னாலும் அவர் இருமியிருக்கிறார். காற்று எதிராக அடித்து, புகைபோக்கியில் புகை திரும்புகிற நாளெல்லாம் இருமியிருக்கிறார். மற்றவர்கள் பேச்சு மும்முரத்தில் கவனித்திருக்க மாட்டார்கள். சுவருக்குப் பின்னால் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒவ்வொன்றும் கேட்டிருக்கிறது.

"நிக்காதும்மா" என்றேன். "காத்து அடிச்சா புகை வரத்தான் செய்யும். கரண்டுதான் உங்களுக்கு நல்லது. மத்ததெல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான். நான்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

நான் என்ன சொன்னேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கவுன்ட்டரும் ஃபேனும் ஃபோனும் கண்முன்னால் வந்தன. அவை சுற்றவும் செய்தன. தையல் அக்கா மறுபடி சுவரில் இரண்டு தட்டு தட்டினார், இந்தத் தடவை பலமாக. கற்கள் அனல் கக்கின. எல்லோரும் கதவைப் பார்த்து எழுந்தார்கள். நானும் சடாரென்று எழுந்தேன். அப்புறம் பலகை எது, கூரை எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கண் விழித்தபோது உடை மாற்றும் அறையில் தரையில் கிடந்தேன். கால்களைச் சோப்புப் பெட்டி மேல் தூக்கி வைத்திருந்தார்கள். நர்ஸ் என் நாடியைப் பிடித்துக்கொண்டே திட்டினார்.

"தண்ணி குடிக்கல. முதல் தடவையே மேல்பலகை. அதுல கால் மணி நேரத்துக்கு மேல லெக்சர். எழுந்திருக்கும்போது மெதுவா எழுந்திருக்கணும்னு நீயே சொல்லிட்டு நீயே குதிச்சிருக்கே."

சித்தி முகமெல்லாம் கரியோடு ஓடி வந்தாள். "நீங்கதானே தட்டிக்கிட்டே இருந்தீங்க. நானும் போட்டுக்கிட்டே இருந்தேன்."

"ரெண்டு தட்டினா போதும்னு அர்த்தம்" என்றார் தையல் அக்கா.

"ரெண்டு கட்டைன்னு நெனச்சேன்" என்றாள் சித்தி.

அதை அவளுக்குச் சொல்லி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. நான் இல்லாமல் அந்த அடுப்பு எரியும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, அவ்வளவு கர்வம். விறகு அடுப்புக்கு விவரம் தெரிந்த ஆள் பக்கத்திலேயே வேண்டும் என்பதை இதைவிட நன்றாக யாராலும் விளக்கியிருக்க முடியாது. ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள். கரண்டு என்று முடிவாயிற்று. நான் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். "நீ பேசினது போதும், படு" என்று நர்ஸ் ஈரத்துண்டை முகத்தில் போட்டுவிட்டார்.

பதினைந்து நாளில் ஹீட்டர் வந்தது. கண்டக்டரம்மா இருமாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார். நான் கவுன்ட்டரில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் வந்த அம்மாள், ஒரு மாதம் வந்தால் வயிறு கரைந்துவிடுமா என்று கேட்டார்.

"கரையாதுங்க. வேர்வைதான் போகும். ஒரு சொம்பு தண்ணி குடிச்சா திரும்பி வந்துடும்."

அவர் போய்விட்டார். அடுத்து வந்தவர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்.

"அப்ப டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றேன்.

அவரும் போய்விட்டார். ஃபோனில் ஒரு பெண் ஜுரத்துக்கு நல்லதா என்றாள். வீட்டில் படுத்துத் தூங்குங்கள் என்றேன். திரைக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் கேட்ட சித்தி வெளியே வந்தாள்.

"நீ வாயைத் திறக்க மாட்டியேன்னுதான் கவலைப்பட்டேன். திறந்தா இப்படியா? இதுக்குக் கடையைப் பூட்டிட்டு சாவியைக் கையில வெச்சுக்கலாம்."

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நாளைக்கே என்னைத் துண்டு துவைக்கப் போட்டுவிடுவாள். பின்கட்டில் தனியாக, நானும் சோப்புமாக. இரண்டு நாளும் அதே நம்பிக்கையோடு வந்தவர்களை எல்லாம் விவரம் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பிரஷர்க்காரம்மா திரும்பி வந்தார். டாக்டர் சரி என்றாராம், கீழ்ப்பலகையில் பத்து நிமிடம் மட்டும். கூடவே ஓரகத்தியையும் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டி வந்திருந்தார்.

"வர்றவளை வாசல்லயே வேண்டாம்னு சொன்ன கடை இது ஒண்ணுதான்" என்று அவர்களிடம் என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணு சொன்னா நம்பி உள்ள போகலாம்."

சித்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மத்தியானம் கடைவீதிக்குப் போய், என் நாற்காலிக்குப் பூப்போட்ட ஒரு மெத்தை வாங்கி வந்து போட்டாள். அதைப் பார்த்ததுமே என் கதை முடிந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நாளைக்கு ஆறு மணிக்கே திறக்கணும்" என்றாள். "அந்தம்மா தெருவையே கூட்டிக்கிட்டு வராங்களாம்."

"ஆறு மணிக்கா சித்தி? அவ்ளோ காலையில எனக்குப் பேச்சு வராது."

"வராட்டி தலையை மட்டும் ஆட்டு. நாலு பேராவது உள்ள போகட்டும்."