சாருஜா ஒட்டிய வயர்கள்

என் தங்கை சாருஜா செய்த மணியை நான்தான் கெடுத்தேன். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அம்மா மோட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோவார். தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்து முற்றமெல்லாம் வெள்ளம் நிற்கும். பதினோராம் வகுப்பில் இருந்த சாருஜா இதற்கொரு மணி செய்தாள். தாங்கிக்குள் மிதவை மேலே வந்ததும் வீட்டுக்குள் மணி அடிக்கும். பழைய ரேடியோ வயர், ஐஸ்கிறீம் பெட்டி, பள்ளிக்கூடத்துச் செய்முறை வகுப்பில் பழகிய ஈய ஒட்டு, அவ்வளவுதான். ஒரு மாதமாக ஒருநாளும் தவறவில்லை. அம்மா எங்கள் ஊர் கரவெட்டி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

பதினோராம் வகுப்பு முடிந்து உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்க அவளுக்கு ஆசை. தோட்டம் செய்யும் அப்பாவுக்கோ வர்த்தகம்தான் விருப்பம். கடைசியில், "வாற விஞ்ஞானக் கண்காட்சியிலை உன்ரை மணியை நடுவர்மார் நல்லதெண்டு சொல்லட்டும். பிறகு உன்ரை விருப்பம்," என்று இறங்கி வந்தார்.

நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மூன்றாம் வருடம். லீவில் வந்து பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு ஒட்டும் கொழுக்கட்டை மாதிரி! என் விரிவுரையாளர் ஒருவரும் நடுவராக வருகிறார். என் மானம் போகப்போகிறதென்று பயந்தேன். கண்காட்சிக்கு முதல்நாள் அவள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் கழற்றி, நிறம் நிறமான வயர் போட்டு வடிவாக ஒட்டினேன். ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு மூடினேன். அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நான் பெரிய இன்ஜினியர் அல்லவா!

கண்காட்சி மண்டபத்தில் விரிவுரையாளர் மிதவையை வாளித் தண்ணீரில் விட்டார். மணி அடிக்கவில்லை.

"திறந்து பாரும் பிள்ளை, எங்கை பிழை?"

சாருஜா திறந்தாள். உள்ளே ஒரு வயரும் அவளுடையதல்ல. நிமிர்ந்து, கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"உந்த மணியை நீர்தானே செய்தனீர்?" என்று விரிவுரையாளர் கேட்டார்.

"ஓம் சேர். நான்தான் பிழை விட்டிட்டன்."

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பஸ்ஸில் குலுங்கியதில் என் வடிவான ஒட்டொன்று விட்டிருந்தது. அவளுடைய கொழுக்கட்டைகள் விட்டிருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தையும் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அவளுடைய பரீட்சை முடிவு வந்தபின் அப்பா உயர்தர விண்ணப்பத்தோடு உட்கார்ந்தார்.

"ஜெயனி, நீ உது படிக்கிறனி, நீயே சொல்லு. இவளின்ரை கைக்கு உது சரிவருமோ?"

சாருஜா என்னையே பார்த்தாள். கோபம்கூட இல்லை. காத்திருந்தாள்.

"அவள் எந்தப் பாடத்திலையும் கெட்டிக்காரிதான் அப்பா," என்று மழுப்பினேன்.

அப்பாவுக்கு அது போதும். வர்த்தகம் என்று எழுதச் சேட்டுப் பொக்கற்றைத் தடவினார். பேனையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.