மார்த்தாவின் பூனை

மார்த்தா காணாமற்போன பின்னேரம் பாலேஸ்வரி அக்கா வீட்டுக் கிணற்றுத் துலா பாதியில் நின்றுவிட்டது.

மார்த்தா எங்கள் ஊரான கோப்பாயைச் சேர்ந்தவள் அல்ல. ஏதோ ஒரு பனி நாட்டில், ஏரிக்கரையில் இருந்த மரவீட்டில் தாடிக்காரப் புருசனோடு வாழ்ந்தவள். தமிழில் மொழிபெயர்த்து வந்த ஒரு நாவலின் நடுவில், காலைக் கோப்பியைக் குடித்துவிட்டு வெளியே போனாள். அதோடு அவளைக் காணவில்லை.

எங்கள் வாசிகசாலைக்கு வருடத்தில் ஒரு பெரிய புத்தகம்தான் வாங்குவார்கள். ஒரே புத்தகத்தை ஆளுக்காள் மாற்றி வாசித்து முடிக்கப் பொறுமை இல்லாததால், தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு முடிந்த பின்னேரங்களில் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்பது வழக்கம். வாசிப்பவர் என் அண்ணை தியாகலிங்கம். அவருடைய குரலுக்கு வேலி ஒரு பொருட்டல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் வாசிகசாலை வாங்குகளில் உட்கார்ந்த ஆம்பிளைகள். இந்தப் பக்கம் பாலேஸ்வரி அக்காவின் கிணற்றடியில் நாங்கள். அது நல்ல தண்ணீர்க் கிணறு. ஆகவே அந்த நேரம் பார்த்து அங்கே குடத்தோடு போக எங்கள் எல்லாருக்கும் நியாயம் இருந்தது. கதை சூடு பிடித்தால், துலாவின் கிறீச்சிடும் சத்தத்தில் ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று அதை நிறுத்திவிடுவோம். துலா நின்றால் அண்ணைக்கு உசார் வந்து குரலை இன்னும் ஏற்றுவார்.

அந்த முறை வாசிகசாலைத் தலைவர் அருளம்பலத்தார் ஒரு போட்டி வைத்தார். அவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஸ்ரேசன் மாஸ்ரர். எதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் அவருக்கு. கடைசி அத்தியாயத்தின் பக்கங்களைச் சேர்த்து நூலால் கட்டி முடிச்சுப் போட்டார். மார்த்தாவுக்கு என்ன நடந்தது என்று முன்கூட்டியே சரியாகச் சொல்கிறவர், அடுத்து வாங்கும் புத்தகம் எது என்று சொல்லலாம்.

வெல்லவேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் நான் ஒரு புத்தகத்தைப் பார்த்து வைத்திருந்தேன். கப்பல்களுக்கு விளக்கேற்றும் வெளிச்சவீட்டுக்காரனின் மகள் தோணியோடு காணாமற்போகிற கதை. அட்டையில் கறுப்புக் கடலும் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சமும். அன்றிலிருந்து புகையிலைத் தோட்டத்துக்கு மேலே காற்றடித்தால் எனக்குக் கடல்தான் தெரியும். ஆனால் அருளம்பலத்தார் இரண்டு பாகத்தில் வந்த கடற்கொள்ளைக்காரர் கதை ஒன்றில் கண் வைத்திருந்தார். அவர் வென்றால் வெளிச்சவீடு அதற்கும் அடுத்த வருடத்துக்குத்தான். வீட்டில் எனக்குக் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்குள் நான் எந்த ஊரில் யாருக்குப் புட்டு அவித்துக்கொண்டிருப்பேனோ.

அண்ணை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து முதலில் தனியே வாசித்துப் பழகுவார். அவர் குளிக்கப் போகும் நேரம் புத்தகம் என்னுடையது. நூல் கட்டிய பக்கங்களை நான் தொடவில்லை. மார்த்தா காணாமற்போன இடத்தைத்தான் திரும்ப வாசித்தேன். அங்கே அண்ணை வாசிக்காத ஒரு முழுப் பக்கம் இருந்தது.

குளித்துவிட்டு வந்தவரிடம் கேட்டேன். "அண்ணை, ஏன் பூனைப் பக்கத்தை விட்டனீங்கள்?"

"அதிலை என்ன கிடக்கு? பூனைக்குப் பால் வைக்கிற கதை. ஆம்பிளையள் கொட்டாவி விடுவினம்."

"அவள் பூனையைப் பக்கத்து வீட்டிலை குடுத்திட்டுப் போறாள்."

"குடுத்தால் குடுக்கட்டும். நான் ஏரியிலை அலை அடிச்ச இடத்துக்குப் போகவேணும்."

அன்று பின்னேரமே கிணற்றடியில் நான் அந்தப் பக்கத்தைச் சொன்னேன். மார்த்தா பூனையை மட்டும் கொடுக்கவில்லை. அது பால் குடிக்கும் கோப்பையையும் கொடுத்து, மீனை முள் எடுத்துப் போட்டால்தான் தின்னும் என்றும், இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும் என்றும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தாள்.

பாலேஸ்வரி அக்கா வாளியைக் கீழே வைத்தார். "எடி, அப்ப அவளை ஒருத்தரும் கொல்லேல்லை. அவள் தானாய்ப் போனவள்."

"அந்தத் தாடிக்காரனோடை ஆர் இருப்பினம்?" என்றார் குடத்தோடு நின்ற கனகாம்பிகை மாமி. "நானெண்டால் முதலாம் அத்தியாயத்திலையே போயிருப்பன்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போட்டி. வாசிகசாலை நிரம்பியிருந்தது. முதலில் அருளம்பலத்தார் எழுந்து, புருசன்தான் அவளைத் தோணியில் கூட்டிக்கொண்டு போய் ஏரியில் தள்ளினவன் என்றார். பலர் ஓம் என்றார்கள். வாங்கில் இருந்த பெடியன் இளையதம்பி, அவளைக் கரடி தின்றுவிட்டது என்றான்.

"கதையிலை கரடியே வரேல்லை," என்றார் அண்ணை.

"பனி நாடெல்லோ? எங்கையாவது நிண்டிருக்கும்."

பாலேஸ்வரி அக்கா என் தோளில் கையை வைத்துத் தள்ளினார். "போ பிள்ளை. வேலியாலை கத்தினால் கணக்கிலை எடுக்கமாட்டினம். உள்ளுக்குப் போய்ச் சொல்லு."

ஒழுங்கைப் பாதையால் சுற்றி வாசிகசாலைக்குப் போனேன். வாசலில் நான் நின்றதும் கதைப்பது நின்றுவிட்டது. அண்ணை புத்தகத்தால் முகத்தை மறைத்தார்.

"மார்த்தா உயிரோடை இருக்கிறா. தானாய்ப் போனவ," என்றேன்.

சிரித்தார்கள். அருளம்பலத்தார் மட்டும் சிரிக்கவில்லை. "காரணம்?"

"அண்ணை விட்ட பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கோ, ஐயா."

எல்லாரும் அண்ணையைப் பார்த்தார்கள். "பக்கம் விடுறனியோ?" என்றார் அருளம்பலத்தார், ரயிலில் ஒரு பெட்டி குறைந்துவிட்டதுபோல. அண்ணை வேறு வழியில்லாமல் வாசித்தார். கோப்பை வந்தது, முள் எடுத்த மீன் வந்தது, இடி வந்தது. ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

"பின்னேரம் திரும்பி வாறவள் உவ்வளவும் சொல்லிக் குடுப்பாளோ?" என்று கேட்டேன்.

இளையதம்பி உடனே கரடியைக் கைவிட்டான். "நான் பிள்ளையின்ரை பக்கம்."

"பூனையைச் சாட்சியாய் எடுக்கேலாது," என்றார் அருளம்பலத்தார்.

"ஏன் எடுக்கேலாது?" வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாலேஸ்வரி அக்காவின் குரல். "அவளின்ரை புருசனைவிட அது நல்ல சாட்சி."

அருளம்பலத்தார் நூல் முடிச்சை அவிழ்த்தார். அண்ணை கடைசி அத்தியாயத்தைத் தொடங்கினார். இம்முறை ஒரு சொல்லும் விடவில்லை. அருளம்பலத்தார் பக்கத்தில் நின்று வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்தபடி, தூரத்துப் பட்டணமொன்றில் மார்த்தா கதவைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். வசந்தகாலம் வந்தது. ஏரியில் பனிக்கட்டி உருகியது. மீன்பிடிக்கிறவர்கள் மார்த்தாவின் உடலைக் கண்டெடுத்தார்கள். தாடிக்காரன் பொலிசுக்காரரிடம் அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். முற்றும்.

யாரும் கைதட்டவில்லை.

"நான் சொன்னது சரி," என்றார் அருளம்பலத்தார். சரியாகச் சொன்னவரின் முகமாக அது இல்லை.

"அப்ப பூனை?" வேலியிலிருந்து கேள்வி வந்தது.

அண்ணை பக்கங்களைப் புரட்டினார். பின்னட்டையையும் பார்த்தார். "பூனையைப் பற்றி ஒண்டுமில்லை."

"பூனையை ஏன் குடுத்தவள் எண்டு சொல்லாமல் எப்பிடிக் கதையை முடிக்கிறது?" என்றான் இளையதம்பி.

"எழுதினவர் மறந்திட்டார்," என்றார் அண்ணை.

"எழுதினவர் மறக்கேல்லை," என்றார் கனகாம்பிகை மாமி வேலியாலே. "மொழிபெயர்த்தவர் விட்டிருப்பார், எங்கடை தியாகலிங்கம் மாதிரி."

வாசிகசாலை முழுவதும் சிரிப்பு வெடித்தது. அண்ணையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு ஆளுக்காள் தொடங்கிவிட்டார்கள். அந்த உடல் மார்த்தாவுடையதே அல்ல என்றார் ஒருவர். முகம் அடையாளம் தெரியவில்லை என்று புத்தகத்திலேயே இருக்கிறதாம். பொலிசுக்காரர் அடித்தால் தாடிக்காரன் எதையும் ஒப்புக்கொள்வான் என்றார் இன்னொருவர். வேலிக்கு மேலால் கதை அங்கும் இங்கும் போய்வந்தது. கடைசியில் எழுதினவரைத் தவிர மற்ற எல்லாரும் மார்த்தா உயிரோடு இருக்கிறாள் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

ஆனாலும் போட்டி போட்டிதான். வெளிச்சவீட்டின் மஞ்சள் வெளிச்சம் கடலுக்குள் இறங்குவதுபோல இருந்தது.

அருளம்பலத்தார் மேசையில் தட்டினார். "சட்டப்படி நான் வெண்டிட்டன். எந்தப் புத்தகம் எண்டு நான்தான் சொல்லவேணும்." அவர் நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "அவள் சாகவேணும் எண்டு நான் ஆசைப்பட்டுச் சொல்லேல்லை. பூனைக் கதை வந்தோடனை, அவள் உயிரோடை வருவாள் எண்டுதான் நானும் பாத்துக்கொண்டு நிண்டனான். அதாலை நான் சொல்லுற புத்தகம், உந்தப் பிள்ளை சொல்லுற புத்தகம். எது பிள்ளை?"

மூச்சு விடாமல் சொன்னேன். வெளிச்சவீடு, தோணி, மகள், கறுப்புக் கடல், எல்லாம்.

"அவளும் காணாமல் போறவளோ?" என்றார் அண்ணை கவலையோடு.

"ஓம்."

"சாகிறவளோ?"

"இல்லை."

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் அருளம்பலத்தார்.

"கடைசிப் பக்கத்தைக் கடையிலை நிண்டு வாசிச்சிட்டன்."

இளையதம்பி இரண்டு காதையும் பொத்தினான். "ஐயோ, இவளை வெளியிலை அனுப்புங்கோ. இன்னும் என்னென்ன சொல்லப்போறாளோ."

"எனக்குச் சொல்லு, இங்கை வா," என்று வேலியால் கூப்பிட்டார் பாலேஸ்வரி அக்கா. "ஆரைக் கட்டுறாள்?"

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கப்படாது," என்றார் அருளம்பலத்தார். "அது எங்கடை புத்தகம். ஒழுங்காய் முதலாம் பக்கத்திலையிருந்து வாசிக்கப்படும். ஒரு வரியும் விடாமல்." கடைசி வசனத்தை அண்ணையைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. நான் ஒழுங்கையில் இறங்கி நடக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அருளம்பலத்தார் வேகமாக வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, ஒண்டே ஒண்டு. தோணி தப்புதோ?"

"கடைசிப் பக்கத்திலை தோணி இல்லை, ஐயா," என்றேன். "அவள் நடந்து வாறாள்."

"நடந்தோ?" என்றார். அந்த இடத்திலேயே நின்று கடல் இருக்கும் திக்கைப் பார்த்தார். பிறகு, "நடந்து வாறாளாம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சிரித்தபடி வீட்டுக்குப் போனார்.