போகாத நிழல்

1990ஆம் ஆண்டு கல்முனையில் றாஹிலாவின் வீட்டுக்கு மேலால் தாழப் பறந்த விமானம் போய்விட்டது; அதன் நிழல் அவள் நெல் காயப்போடும் முற்றத்திலேயே தங்கிவிட்டது. ஓட்டியவர் அவளுடைய கணவர், இலங்கை விமானப்படை விங் கமாண்டர் பதியுதீன். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவார். லீவு கிடைத்தால் இந்த மாப்பிள்ளை வீட்டின் மேல் ஒருமுறை தாழப் பறப்பார், அவள் உலை வைப்பாள், பொழுது படுவதற்குள் ஆள் வந்து சேர்ந்துவிடுவார். ஊருக்கே தெரிந்த சங்கதி அது.

அன்றும் உலை வைத்தாள். மேற்கே வயலில் வரம்பு கட்டிக்கொண்டிருந்த குணம் விமானத்தைக் கண்டு ஓடப் பார்த்தான். தடுத்தவள் அவன் மனைவி செல்லத்தங்கம், றாஹிலாவோடு கூட நின்று நெல் அவிப்பவள். "ஓடாதீங்க. அது றாஹிலாட மாப்பிள்ள சோத்துக்கு வாறார்." விமானம் திரும்பி வந்து குண்டு போட்டது. அடக்கம் செய்யக் குணத்தில் பாதிதான் கிடைத்தது. றாஹிலா வடித்த சோறு கோழிக்குப் போனது.

பதவி ஏற ஏற நிழலும் வளர்ந்தது. குரூப் கெப்டன் ஆனபோது கிணற்றடியைத் தொட்டது. எயார் கொமடோர் ஆன செய்தியை, நிழலின் சிறகு குசினிக்குள் அடுப்படிவரை நுழைந்ததைப் பார்த்தே றாஹிலா அறிந்துகொண்டாள். அதன் கீழ் எந்த வெயிலுக்கும் நெல் காயவில்லை, முளைத்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, செல்லத்தங்கம் மறுபடி இந்த முற்றத்துக்கு வரவேண்டும். எத்தனையோ தரம் போனாள். கதவு திறக்கவில்லை.

1999இல் ஓய்வு பெற்று வந்து வெயிலில் நின்ற பதியுதீனின் காலடியில் நிழலே இல்லை.

"வயலுக்க குணம் நிண்டது தெரியாதா?" றாஹிலா கேட்டாள்.

"மேலேருந்து பாத்தா ஆக்கள் தெரியாது. வயல்தான் தெரியும்."

அன்று அவள் உலை வைக்கவில்லை. செல்லத்தங்கத்தின் வாசலுக்குப் போய், மூடிய கதவைப் பார்த்து அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். கதவு திறந்தது.

"அப்ப அவரக் கீழ இருத்து புள்ள. பாக்கட்டும்."

அடுத்த அறுவடைக்குச் செல்லத்தங்கம் வந்தாள். இருவரும் நிழலைச் சுற்றி நெல்லைப் பரப்பி, நடுவில் அவரைக் காகம் விரட்ட இருத்தினார்கள். விமானச் சத்தம் கேட்டால் பெண்கள் இருவரும் நெல்லின்மேல் குப்புற விழுவார்கள். முதலில் அவர் பழக்கதோஷத்தில் எழும்பி அண்ணாந்து பார்த்தார். பிறகு அவரும் விழத் தொடங்கினார். விமானம் போய் வெகுநேரமாகியும் எழும்பமாட்டார். அவரைச் சுற்றிச் செல்லத்தங்கம் நெல்லைக் கிளறுவாள். வெயில் கடுமையான நாட்களில் அயலவர்கள் அந்த நிழலில் ஆடு கட்டுகிறார்கள்.