தெருக் கணக்கில் மூன்று பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லாண்டரியில் இருந்தவர்கள் இவர்கள்: கடைக்குச் சொந்தக்காரியும் தெருக் குழுவின் தலைவியுமான லாண்டரி அம்மா, கணக்கு டீச்சர், மீட்டர்களைச் சரிபார்க்கும் வயர்க்காரர், எதிர்வரிசைப் பல் டாக்டர், முத்திரைக்காரர், அவருடைய மைத்துனர். மற்ற வீட்டுக்காரர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டிருந்தார்கள். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் பலர். இருந்தவர்கள் இந்த ஆறு பேர்தான்.

முத்திரைக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கடைகளின் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் அரசு வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அவருடைய அப்பாவும் அதே வேலை. அந்தக் குடும்பத்தில் ஒருவர் கை வைத்த கல் குறைந்தது என்று எவரும் சொன்னதில்லை. கல்யாணமாகி ஆறு மாதத்தில், மாமனார் கடையிலேயே தேய்ந்த கல் ஒன்றைப் பிடித்து வழக்கு எழுதிவிட்டு வந்தவர் அவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் மைத்துனர் அதைக் குத்திக்காட்டாமல் விட்டதில்லை.

இனி குழுவைப் பற்றி. கரிப்புகையைக் குறைக்க வேண்டும் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பேசியது போதும் என்று இறங்கியது அந்தத் தெரு. ஒரு வருடம் முடியும்போது மாத மின்செலவு ஆளுக்கு நாற்பத்திரண்டு யூனிட்டுக்குள் வந்துவிட்டால், கூரைகளில் சூரியத் தகடுகளும் தெரு முழுவதற்குமான பெரிய பேட்டரியும் போட்டுத் தருவதாக நகராட்சி எழுதிக் கொடுத்திருந்தது. தெரு படாத பாடு பட்டது. லாண்டரி அம்மா வெயில் நாட்களில் டிரையரைத் தொடவே இல்லை. தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஊரார் துணியைக் காயப்போட்டாள். பல் டாக்டர் மாலை நேர நோயாளிகளையெல்லாம் காலை வெளிச்சத்துக்கு மாற்றினார்.

மாதக் கடைசி ஞாயிறு ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டு மீட்டரைப் படித்து வர வேண்டும். தன் வீட்டு மீட்டரைத் தானே படிக்கக் கூடாது. இந்த விதியைச் சொன்னவரே முத்திரைக்காரர்தான். அதன் பிறகு டீச்சர் ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "ஆள் எண்ணிக்கையில மாற்றம் உண்டா?" ஆளுக்கு எத்தனை யூனிட் என்று வகுக்க அது வேண்டும். மீட்டருக்குச் சாட்சி உண்டு. இந்தப் பதிலுக்குச் சாட்சி இல்லை. வீட்டுக்காரர் வாய்ச்சொல்தான்.

முத்திரைக்காரர் வீட்டுக்கு மூன்று பேர் என்று முதல் மாதமே எழுதியாயிற்று. கீழே அவர், மாடியில் மகனும் மருமகளும். அது அன்றைக்கு உண்மை. மகனும் மருமகளும் ஆஸ்பத்திரியில் இரவு வேலை. மாடிக்குப் பின் சந்து வழியாகத் தனிப் படி. தெருவில் அவர்களைப் பார்ப்பதே அபூர்வம். ஆகவே ஐந்தாம் மாதம் அவர்கள் இரண்டு பெட்டிகளோடு அந்தப் படியில் இறங்கிப் போனது யார் கண்ணிலும் படவில்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த பேச்சு என்ன என்பது குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது. இங்கே அது வேண்டியதில்லை. போனார்கள், அவ்வளவுதான்.

அந்த மாதக் கடைசியில் டீச்சர் கேட்டாள். "மாற்றமில்லை" என்றார் முத்திரைக்காரர். பெற்ற பிள்ளை வீட்டை விட்டுப் போய்விட்டான் என்று லாண்டரி அம்மாவின் அழுக்குத் துணிக் கூடைகளுக்கு நடுவே நின்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. அடுத்த மாதத்துக்குள் திரும்பி வந்துவிடுவான் என்றும் நினைத்தார். அடுத்த மாதமும் மாற்றமில்லை. தினமும் மாலை ஏழு மணிக்கு மாடிக்கு ஏறி, தெருவில் தெரியும்படி விளக்கைப் போடுவார். காலியான அலமாரிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டு இறங்குவார். வாரம் ஒருமுறை மாடிக் கொடியில் ஒரு சுத்தமான போர்வையை நனைத்துக் காயப்போடுவார். ஒருவருக்குச் சமைத்தால் அடுப்பைப் பற்றவைத்த கையை எடுப்பதற்குள் சமையல் முடிந்துவிடுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கீழ் வீட்டில் அவர் குரல் ஒலிப்பது தொலைபேசியில் தப்பான எண்ணுக்கு அழைப்பு வந்தால்தான். அப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார்.

இப்படி ஏழு தடவை மாற்றமில்லை. லாண்டரிச் சுவரில் டீச்சர் கணக்கு எழுதும் பலகையில் அவர் வீட்டு எண் முதலிடத்துக்கு ஏறியது. தெருவே கைதட்டியது. அந்தக் கைதட்டலை அவர் நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். உள்ளே கூனிப்போனார்.

பன்னிரண்டாம் மாதக் கூட்டம்தான் அந்த ஞாயிறு. அன்றும் அவர் மாற்றமில்லை என்றே சொல்லியிருந்தார். டீச்சர் சாக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது யூனிட். தொண்ணூத்தாறு பேர். ஆளுக்கு நாப்பத்தொண்ணு புள்ளி மூணு அஞ்சு. ஜெயிச்சிட்டோம்!"

"அப்பாடா! இனிமே என் டிரையரை ஓட்டலாம்" என்றாள் லாண்டரி அம்மா.

"ஓட்டுங்கம்மா. என் சட்டையில காக்கா எச்சம் விழாம வந்து ஒரு வருஷமாச்சு" என்றார் பல் டாக்டர்.

வயர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை நகராட்சிப் பொறியாளர் வரும்போது முதல் ஐந்து வீடுகளின் மீட்டர் சரி என்று அவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல முப்பத்தெட்டு யூனிட், மூணு பேர். ஃபிரிட்ஜ் ஒண்ணே இருபத்தஞ்சு குடிக்கும். மிச்சம் பதிமூணுல மூணு பேர் எப்படிங்க காலம் தள்றது? மீட்டர் சீலைப் பிரிச்சு ஒரு தடவை பார்த்துடறேன்."

மீட்டர் சீலைப் பிரிப்பது என்றால் கரண்டுத் திருட்டுச் சந்தேகம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு" என்றார் முத்திரைக்காரர்.

"சரிதாங்க. ஆனா ரெண்டுல ஒண்ணு தப்பா இருந்தாகணுமே. மீட்டர் இல்லேன்னா..." வயர்க்காரர் முடிக்கவில்லை.

மைத்துனர் சட்டென்று எழுந்தார். தெருவில் விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "அட, இதுக்கு ஏன்யா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறீங்க? பசங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்க. வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வர்றாங்க. அதான் கரண்டு கம்மி. அத்தானுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லத் தெரியாது."

டீச்சரின் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க! வாரம் ஒரு நாள் வந்தாலும் அந்த வீட்டு ஆள்தான். நகராட்சி விதியிலயே இருக்கு. கணக்குல கை வைக்க வேண்டாம்."

வயர்க்காரரும் தலையாட்டினார். தப்பிக்க ஒரு கதவு திறந்துவிட்டது. அதன் வழியாக நடந்து வெளியே போனால் போதும். தெருவுக்குப் பேட்டரி, குடும்பத்துக்கு மானம், இரண்டும் நிற்கும். மைத்துனர் அவர் தோளைத் தொட்டு, "வாங்க அத்தான், போகலாம்" என்றார்.

முத்திரைக்காரர் நகரவில்லை. எதைக் கொண்டு வந்தாலும் தட்டில் வைத்துப் பார்த்த பிறகே முத்திரை என்று வாழ்ந்தவர். இப்போது அவருக்காக மைத்துனர் தேய்ந்த கல்லை வைக்கிறார். அவர் பேசாமலிருந்தால் அதற்கு முத்திரை விழுந்துவிடும்.

"உக்காருங்க மாப்ளே" என்றார். பிறகு டீச்சரைப் பார்த்து, "அவங்க வாரம் ஒரு நாள் வரலை. ஏழு மாசமா ஒரு நாள்கூட வரலை. வீட்டை விட்டுப் போயிட்டாங்க. வீட்ல நான் ஒருத்தன்தான்" என்றார்.

டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினாள். தொண்ணூற்றாறை அழித்துத் தொண்ணூற்று நான்கு என்று எழுதினாள். வகுத்தாள்.

"நாப்பத்திரண்டு புள்ளி ரெண்டு மூணு" என்றாள் மெதுவாக.

"எவ்வளவு அதிகம்?" லாண்டரி அம்மா கேட்டாள்.

"தெரு முழுக்கச் சேர்த்து இருபத்திரண்டு யூனிட்."

லாண்டரி அம்மா கையிலிருந்த துணியை மேசைமேல் போட்டாள். "இருபத்திரண்டு! போன மாசமே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் இஸ்திரியை நிறுத்தியிருப்பேனே! டாக்டர் அவர் மெஷினை ஒரு வாரம் மூடியிருப்பாரே! மழையில நனைஞ்ச துணியை மூணு தடவை அலசிப் போட்டேன் ஐயா, மூணு தடவை! பையன் போனான்னு சொன்னா நாங்க என்ன உங்களைத் தின்னுடுவோமா?"

"தின்ன மாட்டீங்க" என்றார். "பாப்பீங்க."

அவள் மேசைமேல் போட்ட துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் புரிந்ததா என்பது தெரியவில்லை.

"தப்பு என்னோடது. மீட்டர்ல இல்ல, என் வாயில. பொறியாளர்கிட்ட நானே சொல்றேன்" என்றார் முத்திரைக்காரர். வியாழக்கிழமை அப்படியே சொல்லவும் செய்தார். பொறியாளர் சின்ன வயதுக்காரர். பெரியவரை உட்காரச் சொல்லிவிட்டு, விதி விதிதான் என்றார். அடுத்த வருடம் மறுபடி முயலலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஞாயிறு கடையிலிருந்து வீடு வரை மைத்துனர் கூடவே வந்தார். "எங்கப்பா கடையில ஆரம்பிச்சீங்க. இப்போ உங்க வீட்டுக்கே எழுதிட்டீங்க. திருப்திதானே?" என்று கேட்டார். கேட்கும்போது குரல் உடைந்தது. வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று மாலை ஏழு மணி ஆனபோது முத்திரைக்காரர் வழக்கம்போல எழுந்தார். படிவரை போனார். இனி மேலே போக வேண்டிய அவசியமில்லை என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அந்த இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனார். அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் துணிக்கூடை ஒன்று இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. சுவரோரம் நின்றார். டீச்சர் எல்லா வீட்டையும் கூப்பிட்டாள். அவர் வீட்டு எண் வந்ததும் கேள்வியைக் கேட்காமலே "ஒண்ணு" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"என்கிட்டயும் கேளுங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் தயங்கிவிட்டுக் கேட்டாள். "மாற்றமில்லை" என்று பதில் சொன்னார்.

செய்தி எப்படியோ மகன் காதுக்கு எட்டி, அவன் மனம் மாறி, காரோடு வந்து அப்பாவை அழைத்துப் போய்விட்டான் என்று தெருவில் இப்போது ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. அவர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்ற கார் பல் டாக்டரிடம் வந்த யாரோ ஒருவருடையது. மகன் வரவில்லை.